நாலாவது சீட்டில் உட்கார்ந்தவனுக்கு

அன்பு ஜெபா,

நீ எங்களை ஏமாற்றினாய். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினான்கு மாதம். தினமும் காலையில் சட்டையை இஸ்திரி போட்டு, ஷூ மாட்டி, பையைத் தோளில் தொங்கவிட்டு, சயானில் எங்கள் 8:22 லோக்கல் ரயிலில் ஏறினாய். ஆபீஸ் போகிறவனைப் போலவே கடைசி ஸ்டேஷனான வி.டி. வரைக்கும் எங்களோடு வந்தாய். உனக்கு ஆபீஸே இல்லை.

வேலை போய்விட்டது, வெட்கப்பட்டு மறைத்தாய் என்றால்கூட எனக்குப் புரிந்திருக்கும். வேலை இருந்தது. அந்த வேலையை நீ தாராவியில் உன் அக்கா வீட்டு மாளாவில், நிமிர்ந்து உட்கார முடியாத அந்த மேல்தட்டில், குனிந்து உட்கார்ந்து செய்துகொண்டிருந்தாய். பத்து மணிக்கு லாகின். அதற்கு முன்னால் வி.டி. வரை எங்களோடு வந்து, அடுத்த வண்டியில் திரும்பிப் போய், ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு ஏணியில் ஏறுவாய். இது எனக்குத் தெரிய நீ சாக வேண்டியிருந்தது.

நம் வண்டியில் போகாதவர்களும் இதைப் படிக்கலாம். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சொல்லியாக வேண்டும். செகண்ட் கிளாசில் மூன்று பேருக்கான பெஞ்சில் நாலாவதாக ஒருத்தன் உட்காருவான். மூன்று பேரும் ஒடுங்கினால் அவனுக்கு ஒரு சாண் இடம் கிடைக்கும். ஒரு தொடை பெஞ்சில் இருக்கும், இன்னொன்று காற்றில் இருக்கும். யாரும் அதற்குச் சட்டம் போடவில்லை. ஆனால் மும்பையில் ஒடுங்க மாட்டேன் என்று சொல்கிறவனை எல்லாரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஜன்னலோரம் வெங்கட் சார். முலுண்டில் ஏறுபவர், பாங்க் கிளார்க், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது. நடுவில் தத்தா. அவனும் முலுண்டுதான், மராட்டிக்காரன், தமிழில் கெட்ட வார்த்தை மட்டும் சுத்தமாகப் பேசுவான். மூன்றாவது நான், பாண்டுப்பில் ஏறுகிறவன். சயான் வந்ததும் கூட்டத்துக்கு நடுவில் உன் தலை தெரியாது, குரல்தான் முதலில் வரும். "தள்ளு மக்கா." நான் தள்ளுவேன். நீ உட்காருவாய். ஆறு வருஷம் உன் இடது தோள் என் வலது தோளில் இருந்தது. என் மனைவியோடுகூட நான் தினமும் அரைமணி நேரம் அப்படி ஒட்டி உட்கார்ந்ததில்லை.

ஆனால் உன் வீடு எங்கே என்று எனக்குத் தெரியாது. நைன்ட்டி ஃபீட் ரோடு பக்கம், அவ்வளவுதான். உனக்கு ஓர் அக்கா இருக்கிறாள் என்பது தெரியாது. நீ என்ன வேலை செய்கிறாய் என்றால், கூரியர் கம்பெனியில் ஏதோ கம்ப்ளெயின்ட் பிரிவு என்று சொல்லியிருப்பேன். எந்தத் தெருவில், எத்தனையாவது மாடியில் என்று நாங்கள் மூன்று பேரும் கேட்டதே இல்லை. வி.டி.யில் இறங்கியதும் எல்லாரும் ஓடுவோம். நீ மட்டும், "நீங்க போங்க, நான் ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்" என்பாய். அந்த நேரத்துக்கு அந்தப் பிளாட்பாரத்தில் அவசரம் இல்லாமல் நின்ற ஒரே ஆள் நீதான். எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. மணி பார்த்துக்கொண்டு ஓடினோம்.

ஜூலையில் அந்த மழை நாள் ஞாபகம் இருக்கிறதா? நம் நாலு பேர் வாட்ஸ்அப் குரூப்பில் நான்தான் போட்டேன்: "சயான்காரன் இன்னிக்கு வருவானா, மழைன்னு படுத்துக்குவானா?" எனக்கு லீவு கிடையாது, வெங்கட் சாருக்குக் கிடையாது, அந்த எரிச்சலை உன்மேல் காட்டினேன். வண்டி முக்கால் மணி நேரம் தாமதம். நீ வந்தாய். முழங்கால் வரை பேன்ட் கறுத்துப்போய், ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு.

"க்யா ரே, தைர்கே ஆயா?" என்றான் தத்தா. நீந்தியா வந்தாய் என்று.

"ஆமா, ரோட்டுல முங்கு நீச்சல்" என்றாய் நீ.

வெங்கட் சார் மூக்கைப் பிடித்துக்கொண்டார். "காலத் தொடைச்சுக்கோடா மொதல்ல. ஊர் அழுக்கு பூரா ஒன் கால்லதான் இருக்கு."

"சார், அது அழுக்கு இல்ல. தாராவி அத்தர். வெளிய கெடைக்காது."

எதிர் பெஞ்சுக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். நான் உன் காலைப் படம் பிடித்துக் குரூப்பில் போட்டேன். அன்றைக்கு நீ வீட்டை விட்டு இறங்க வேண்டிய தேவையே இல்லை. அது எனக்கு இப்போது தெரியும்.

உனக்கு வந்தது மழைத் தண்ணீரில் வருகிற காய்ச்சல் என்று டாக்டர் உன் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். எலி மூத்திரம் கலந்த தண்ணீர், காலில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதுமாம். எந்தத் தண்ணீர் என்று அவர் சொல்லவில்லை. ஜூலை மாதத்துத் தாராவியில் அதை யாரால் சொல்ல முடியும்? உங்கள் சந்தில் கக்கூஸ் வரிசைக்குப் போகவே கணுக்கால் நனையும் என்று அக்கா சொன்னாள். அதனால் அன்றைய தண்ணீர்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

நீ வராத முதல் நாள் உன் இடத்தில் என் பையை வைத்திருந்தேன். குர்லாவில் ஏறிய ஒருத்தன் கேட்டான், சயானில் ஆள் வரும் என்றேன். வரவில்லை. இரண்டாம் நாளும் வைத்தேன். மூன்றாம் நாளும். அதற்குமேல் வைக்க மாட்டோம், அது எங்கள் கணக்கு. நாலாம் நாள் குர்லாக்காரன் கேட்டதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

எங்கள் வண்டியில் ஒருவன் சொல்லாமல் நின்றுவிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். காசு அதிகமான ஏசி லோக்கல் வண்டிக்கு மாறிவிட்டான். அப்படிப் போனவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். சொல்லிக்கொண்டு போகக் கூச்சம், அதனால் சத்தமில்லாமல் போய்விடுவார்கள். அவர்களைக் கூப்பிட்டு ஏன் வரவில்லை என்று கேட்பது நாகரிகம் இல்லை. அது எங்களுக்குள் எழுதாத விதி. எவ்வளவு கேவலமான விதி என்று இப்போதுதான் தெரிகிறது.

"அவன் ஏசிக்கு மாறிண்டுட்டான்டா" என்றார் வெங்கட் சார். "பாவம், எத்தனை நாள்தான் அரை சீட்ல உக்காருவான்."

"படா ஆத்மி பன் கயா" என்றான் தத்தா. பெரிய மனுஷனாகிவிட்டான் என்று.

நான் ஃபோனை எடுத்து உனக்கு எழுதினேன்: "ஏசி வண்டில குளிருதா மக்கா? போர்வை அனுப்பவா?"

மத்தியானம் உன்னிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. மறுநாள் வண்டியில் காட்டியதும், பார்த்தீங்களா, நான்தான் சொன்னேனே என்றார் வெங்கட் சார். எனக்குக் கோபம்கூட வந்தது. ஆறு வருஷம் ஒட்டி உட்கார்ந்தவன் ஒரு வார்த்தை எழுதக் கூடாதா?

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலையில், வண்டி காட்கோபரைத் தாண்டும்போது உன் நம்பரிலிருந்து குரூப்புக்குச் செய்தி வந்தது. "ஜெபராஜ் இறந்துவிட்டான். நேற்று அடக்கம் முடிந்தது. இப்படிக்கு அக்கா எஸ்தர்."

அடுத்து நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், கேள். மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். முழங்கை முழங்கையில் இடிக்கிறது. மூன்று பேரும் தலையைக் குனிந்து, தனித்தனியாக, குரூப்பில் ஆர்.ஐ.பி. என்று டைப் செய்தோம். வெங்கட் சார் இரண்டு கைகூப்பும் படமும் சேர்த்துப் போட்டார். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. சயான் வந்தது. பழக்க தோஷத்தில் நான் தள்ளி உட்கார்ந்தேன். யாரோ உட்கார்ந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உன் வீட்டைத் தேடி வந்தேன். உன் பெயரைச் சொல்லிக் கேட்டால் நாலு ஜெபராஜ் இருக்கிறார்கள். "செத்துப்போன ஜெபராஜ்" என்று சொன்ன பிறகுதான் வழி காட்டினார்கள்.

அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "பாண்டுப் பாண்டியா?" என்றாள், நான் வாயைத் திறக்கும் முன்னால்.

"ஆமாக்கா. எப்படித் தெரியும்?"

"மூணு பேரையும் தெரியும்லா. தெனமும் திரும்பி வந்து ஷூவக் கழட்டிக்கிட்டே உங்க கததான் சொல்லுவான். உங்க மக தோசைக்குச் சீனிதான் தொடுவாளாம். வெங்கட் சாருக்கு முட்டுவலி இப்ப எப்படி இருக்கு?"

அவளுக்கு எங்கள் வீட்டுத் தோசை வரைக்கும் தெரிந்திருந்தது. திரும்பி வந்து என்று அவள் சொன்னது கொஞ்சம் தாமதமாகத்தான் எனக்கு உறைத்தது. "ஆபீஸ்ல இருந்து வந்தா?" என்று கேட்டேன்.

"ஆபீசா? எந்த ஆபீசு? அத மூடி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சே. மாளாவுலதான வேல பாத்தான். காலைல நடக்கப் போறேன்னு சொல்லிட்டு எறங்குவான். சட்டைய இஸ்திரி போட்டுக்கிட்டு எவன் நடக்கப் போவான்? உங்களப் பாக்கத்தான் போறான்னு எனக்குத் தெரியும். கேட்டா சிரிப்பான்." என் முகத்தைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

இல்லை என்று தலையாட்டினேன். அந்தச் சந்தில் நின்றுகொண்டு அதை ஒப்புக்கொண்டதுதான் என் வாழ்க்கையில் நான் பட்ட பெரிய அவமானம்.

ஏணியில் ஏறி உன் இடத்தைப் பார்த்தேன். தகரக் கூரை தலையில் இடித்தது. ஒரு பாய், ஒரு மேஜை விசிறி, முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை. கம்பெனிக்காரன் ஆபீஸ் வாடகையை மிச்சம் பிடித்துவிட்டு, உன் அக்கா வீட்டு மின்சாரத்தில், உன் அக்கா வீட்டு விசிறியில், உன் முதுகெலும்பில் கம்பெனி நடத்தியிருக்கிறான். ஊரெல்லாம் தொலைந்த பார்சலுக்காகத் திட்டித் தீர்த்தவர்களுக்கு இங்கே குனிந்து உட்கார்ந்துகொண்டுதான் சாரி சொல்லியிருக்கிறாய். ஒரு நாள் முழுக்க உன்னிடம் பேசியவர்கள் எல்லாரும் கோபமாகப் பேசியவர்கள். கோபப்படாமல் பேசிய அரைமணி நேரம் எங்களுடையது. அதுவும் பாதி நேரம் கிண்டல்.

"லேப்டாப் எங்கேக்கா?"

"கம்பெனில இருந்து ஒரு தம்பி வந்து வாங்கிட்டுப் போயிட்டாப்ல. அடக்கம் முடிஞ்ச மறுநாளே வந்துட்டாப்ல." அவள் குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். கம்பெனிக்கு உன் விலாசம் தெரிந்திருந்தது. அதனால் எனக்கு முன்னால் வந்துவிட்டது.

ஆணியில் உன் பை தொங்கியது. முன் ஜிப்பில் மூன்று மாத ரயில் பாஸ். அது இன்னும் முடியவில்லை, ஜெபா.

கீழே இறங்கி, நான் கேட்க வந்ததைக் கேட்டேன். போர்வை அனுப்பவா என்று நான் எழுதினேனே, அதை நீ பார்த்தாயா என்று.

"நான்தான் வாசிச்சுக் காமிச்சேன். அன்னைக்கு நடுக்கம்னா நடுக்கம், ரெண்டு போர்வ போத்தியும் நிக்கல. கேட்டுட்டுச் சிரிச்சான். 'கட்டைவெரலப் போடுக்கா'ன்னான். நான்தான் போட்டேன்."

"ஆஸ்பத்திரில இருக்கேன்னு ஒரு வார்த்த எழுதியிருக்கலாமேக்கா?"

"நானும் கேட்டேன் தம்பி. 'அதெல்லாம் வண்டி சிநேகம்க்கா, வண்டிய விட்டு எறக்கக் கூடாது'ன்னான்."

நீ படுத்திருந்த ஆஸ்பத்திரி தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயேதான் இருந்தது. தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் நாங்கள் போனோம். நீ ஏசியில் போய்க்கொண்டிருக்கிறாய் என்று பேசிக்கொண்டே தாண்டினோம்.

எங்கள் ஆபீசில் போன வாரம் எல்லாருக்கும் ஒரு மெயில் வந்தது. ஆண்கள் மனம் விட்டுப் பேச வேண்டுமாம், நண்பர்களோடு நேரம் செலவிட வேண்டுமாம். வந்த நேரம் மாலை ஏழே கால். நான் அப்போதும் சீட்டில்தான் இருந்தேன். யாரோடு பேசுவது? எப்போது? எனக்கு முப்பத்தொரு வயது. அப்பா செத்தபோது அதை உன்னிடம் சொல்லத் தொடங்கினேன். மாட்டுங்காவில் தொடங்கினால் தாதரில் முடிக்க வேண்டும், அதற்குள் கூட்டம் மேலே விழுந்துவிடும். "பொறவு சொல்லுதேன்" என்றேன். நீ மறுநாள் கேட்டாய். நான்தான் "அத விடுல" என்றேன். அதனால் உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. தெரிகிறது. ஆனாலும் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்தது இது. நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு அக்கா கூப்பிட்டிருந்தாள். வேலை நாள், காலை ஒன்பது மணிக்கு. அரை நாள் லீவு போட்டு மூன்று பேரும் சயானில் இறங்குவது என்று முடிவு செய்தோம். இத்தனை வருஷத்தில் அந்த வண்டியிலிருந்து சயானில் நாங்கள் இறங்கியதே கிடையாது. எந்தப் பக்கம் பிளாட்பாரம் வரும் என்பதில் வெங்கட் சாருக்கும் தத்தாவுக்கும் சண்டை. குர்லாவிலேயே எழுந்து வாசலுக்குப் போயிருக்க வேண்டும், யாருக்கும் தோன்றவில்லை. வண்டி நின்றதும் ஏறுகிற கூட்டம் உள்ளே தள்ளியது. நான் எப்படியோ வெளியே விழுந்தேன். திரும்பிப் பார்த்தால் வெங்கட் சாரின் கை மட்டும் கூட்டத்துக்கு மேலே தெரிந்தது. "நாங்க மாட்டுங்கால எறங்கித் திரும்பி வரோம்டா, நீ நில்லு!" என்று கத்தினார்.

நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மாட்டுங்கா தாண்டினால் தாதர், அப்படியே ஆபீஸ். காரணம் தயாராக இருக்கிறது. நானாக இருந்தால் போயிருப்பேனோ என்னவோ. இருபது நிமிஷம் கழித்து எதிர்ப் பிளாட்பாரத்தில் வந்த வண்டியிலிருந்து இறங்கினார்கள். வெங்கட் சார் முட்டியைப் பிடித்துக்கொண்டு பாலத்தின் படிகளில் ஏறி வந்தார். "என்னடா பாக்கறே, நட" என்றார்.

ஜெபம் நடந்தது. தத்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் எல்லாரும் கண்ணை மூடியபோது அவனும் மூடினான். முடிந்ததும் எங்களைக் கட்டிலில் உட்காரச் சொல்லி அக்கா டீ கொடுத்தாள். வெங்கட் சார் பாத்ரூம் எங்கே என்று கேட்டார். சந்து முனையில் பொதுக் கக்கூஸ், வரிசை இருக்கும் என்றாள். பரவாயில்லை, பரவாயில்லை என்றவர் அதற்குப் பிறகு டீயைத் தொடவில்லை.

தாராவியை இடித்து மாற்று வீடு கட்டித் தரப்போகிறார்களாம், அதற்காக வாசல் கதவில் சர்வேக்காரர்கள் நம்பர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். கீழ் அறைக்கு ஒரு நம்பர் உண்டு. உன் மாளாவுக்கு என்ன கிடைக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கா அதைப் பற்றித்தான் தத்தாவிடம் மராட்டியில் கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்தி எங்களைப் பார்த்தாள்.

"ஏன் இப்படி ஒட்டி ஒட்டி உக்காந்திருக்கிய? கட்டில்ல அவ்வளவு எடம் கெடக்கே."

அப்போதுதான் குனிந்து பார்த்தோம். சுவரோரம் வெங்கட் சார், நடுவில் தத்தா, அடுத்து நான். மூன்று பேரும் ஒடுங்கியிருந்தோம். என் வலது பக்கம் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம். யாரும் நகரவில்லை.

எனக்குச் சலிப்பாக இருக்கிறது, ஜெபா. அழுகைகூட வரவில்லை, சலிப்புதான் வருகிறது. மறுநாள் மறுபடி அதே வண்டி, அதே பெஞ்ச். குர்லாக்காரன் பெயர் இர்ஃபான். கேட்டுத் தெரிந்துகொண்டேன். வீடு எங்கே, எந்தச் சந்து, வீட்டில் யார் யார் என்றும் கேட்டேன். அவன் என்னைப் போலீஸ்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பரவாயில்லை, கேட்பேன்.

ஒரு வாக்கு தருகிறேன். இனி எங்கள் பெஞ்சில் ஒருவன் ஒரு நாள் வராவிட்டால், மூன்று நாள் கணக்கெல்லாம் கிடையாது, அன்றைக்கே வண்டியை விட்டு இறங்குவேன். மற்ற இரண்டு பேர் இறங்காவிட்டாலும் நான் இறங்குவேன். உன் அக்கா வீட்டுக்கு மாதம் ஒரு ஞாயிறு வருவேன். அந்த மாளா விஷயத்தைத் விசாரிக்கத் தத்தாவிடம் சொல்லியிருக்கிறேன், அவனை விடமாட்டேன்.

ஆனால் நீ எனக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். உன்னிடம் நான் வேறெதுவும் கேட்கவில்லை. வண்டியை விட்டு இறக்கக் கூடாது என்று சொன்னாயே, எங்களைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று சொன்னாயா? இல்லை, கூப்பிட்டாலும் இறங்க மாட்டார்கள் என்று உனக்குத் தெரிந்திருந்ததா?

மழுப்பாமல் சொல்லு. கட்டைவிரல் வேண்டாம், வாயைத் திறந்து சொல்லு.

தள்ளி உட்கார்ந்திருக்கும்
உன் மூணாவது சீட்டு மக்கா,
பாண்டி